தம்பி தமிழில் சொன்ன பாட்டு

போன வருடம் குளிர் தொடங்கும் நேரம், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நெடுநாள் பழகிய பெண் விட்டுப் போனதும், பஸ் ஓட்டும் என் தம்பி ஒரு பையோடும் ஒரு ஸ்பீக்கரோடும் எங்கள் சோபாவுக்குக் குடிவந்தான்.

தம்பியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஸ்பீக்கரை முடியவில்லை. கன்ட்ரி என்று சொல்லும் அமெரிக்கப் பாட்டுகள்தான் விடிந்தால் பொழுதுபட்டால். எனக்கு இந்த நாட்டு டொச் மொழி வரும், ஆங்கிலம் வராது. யாரோ ஒருவன் மூக்கால் அழுவது மட்டும் கேட்கும். கூடவே இவன் பியர் குடிப்பான். சமைத்து வைத்தால் சாப்பிடமாட்டான். அவளைப் பற்றிக் கேட்டால் சத்தத்தைக் கூட்டுவான். கொஞ்ச நாள் விடு, ஆறட்டும் என்றார் என் கணவர். விடலாம், போத்தல்களை யார் பொறுக்குவது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு வேலை. சீருடையோடு சப்பாத்துப் போடக் குனிந்தவனிடம் பியர் மணந்தது. கதவை மறித்து நின்றேன். ஒன்றுதான் குடித்தேன், வழியை விடுங்கோ என்றான். உள்ளே ஸ்பீக்கரில் அந்த ஆள் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"அப்பிடி என்னதான்டா சொல்லுறான் அவன்? தமிழில சொல்லு பாப்பம்" என்று கத்தினேன்.

வீம்புக்குத்தான் சொல்லத் தொடங்கினான். "அவள் போயிட்டாள். கட்டில் குளிருது. நான் தவறணையில இருக்கிறன்."

ஊர்க் கள்ளுக்கடையைச் சொல்லும் தவறணை என்றதும் அவனுக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் அடக்க ஏலவில்லை. அடுத்த வரிக்கு வாய் திறந்தவன் நிலத்தில் இருந்துவிட்டான்.

"அவளுக்குப் போன கிழமை கலியாண எழுத்து முடிஞ்சுதாம், அக்கா."

வந்த நாள் முதல் நான் கேட்டுக் கேட்டுக் களைத்தது இந்த ஒரு வசனத்தைத்தான். பக்கத்தில் இருந்தேன். அழுது முடித்ததும் அவனே வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, குடித்திருக்கிறேன், ஓட்ட ஏலாது என்று சொன்னான். விசாரணை, ஆலோசனை என்று அலைந்தான். ஆனால் வேலை போகாமல் தப்பியது.

இப்போது குடிப்பதில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை, எனக்கு எரிச்சலும் குறையவில்லை. ஆனாலும் நேரே கேட்டால் சொல்ல முடியாததை யாரோ ஒருவனுடைய பாட்டைச் சாட்டியாவது ஒரு மனிதன் சொல்லிவிடுவான் என்று தெரிந்ததால், நிறுத்து என்று சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், இந்தப் பாட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்றுதான் தம்பியிடம் கேட்கிறேன்.