கம்பெனி என்றால் ரொட்டியாம்

திருப்பூரில் பனியன் தைக்கும் இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, எல்லாமே கம்பெனிதான். நானும் ஒரு கம்பெனி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லின் அர்த்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை யோசித்ததே இல்லை.

அன்று சாப்பிடும்போது, கல்லூரியில் படிக்கும் என் மகள் போனைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏனுங்கப்பா, கம்பெனின்னா என்னன்னு தெரியுமுங்களா?"

"பனியன் தைக்கற எடம், கண்ணு."

"இல்லீங்கப்பா. சேர்ந்து ரொட்டி சாப்பிடறவங்களாம்."

லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம். வியாபாரக் கூட்டுக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதானாம்.

அது மனதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மதியம் மாடி அறையில் தனியாகச் சாப்பிடாமல், டிபன் கேரியரோடு கீழே இறங்கினேன். மிஷின் வரிசைக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து, குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், என்னைக் கண்டதும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. நானும் சாப்பிடத்தானுங்க வந்தேன்."

உட்கார்ந்தார்கள். வாயில் வைக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களிடம் டெய்லராக இருக்கும் செல்விதான் மெல்லச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. நீங்க இருந்தா இவங்களுக்குச் சோறு எறங்காது."

சொல்லிவிட்டு, தன் மீன் குழம்பில் பாதியை என் கேரியரில் ஊற்றினார். "இத மேல கொண்டுபோய் நிம்மதியா சாப்பிடுங்க."

மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு நல்ல காரம். கீழே சிரிப்புச் சத்தம் மறுபடி தொடங்கியது.

கம்பெனி அங்கேதான் நடக்கிறது. நான் அதற்கு ஓனர் மட்டும்.