கதவைச் சாத்திய பார்பிக்யூ வண்டி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சமயநல்லூர் ரோட்டோரம் புதிதாக நின்ற பார்பிக்யூ வேன் வண்டியைப் பார்த்து நானும் என் கணவரும் பைக்கை நிறுத்தி இறங்கினோம். கோழி வேகும்போதே பெருமழை பிடித்தது.

"அக்கா, அண்ணே, உள்ள ஏறிக்கங்க" என்ற வண்டிக்காரர், கரி அடுப்பையும் உள்ளே தூக்கிவைத்துக் கதவைச் சாத்தினார். புகையே இல்லை, கதகதப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பேசிக்கொண்டிருந்த வண்டிக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுச் சரிந்தார். கணவர் தூங்குவதுபோல் சாய்ந்திருந்தார்.

"என்னங்க!" உலுக்கினேன். கண் திறக்கவில்லை. எனக்கும் கால்கள் துவண்டன. தவழ்ந்துபோய்க் கதவை உதைத்துத் திறந்தேன். காற்று பட்டுச் சிறிது நேரம் கழித்துதான் இருவரும் அசைந்தார்கள்.

"கரியில வர்ற விஷவாயு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதும்மா" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

இப்போதெல்லாம் வீட்டில் சாம்பிராணிக்குக் கரி பற்றவைப்பதென்றாலும், முதலில் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறேன்.