கடற்கரைச் சாலையில் ஒரு சைக்கிள்

திருமங்கலம் சாலையில் லாரி மோதியதில் என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகும் விட்டுப்போனது. எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

ஒரு மதியம், மாடியில் குடியிருந்த கல்லூரி மாணவி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, இது சைக்கிள் கேம். ஊருக்குள்ள எங்க வேணும்னாலும் போகலாம்."

சைக்கிளைத் தாவவிட்டு வித்தை காட்டினால்தான் பாயிண்ட். அவரோ திரையில் தெரிந்த கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"சும்மாதான். நீயும் வாரியா?"

துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விபத்துக்குப் பின் நானும் எங்குமே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்கும்வரை அது எனக்கே தெரியவில்லை.