தறி நின்ற நேரம்

தம்பியிடமிருந்து போன் வந்தால் அப்பா முதலில் தறிக்கூடத்துக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்குவார். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர்தான். தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எல்லையிலிருந்து பேசுகிற பிள்ளையின் குரல் எப்படிக் கேட்கும்? சட்டென்று நிறுத்தினால் துணியில் கோடு விழும். விழட்டும் என்பார்.

"பீரங்கிக்குப் பக்கத்துல தூங்கறவனுக்குத் தறிச் சத்தம் ஆகாதாக்கும்" என்று நான் சீண்டுவேன். தம்பி சிரிப்பான்.

லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று அவன் உயர்ந்ததையெல்லாம் அப்பாவும் அம்மாவும் நானும் தறி நின்ற அந்த அமைதியில்தான் கேட்டோம். "இன்னும் எத்தனை படி இருக்குது சாமி?" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். அவன் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

பெண் பார்த்து, நாளும் குறித்த பிறகு எல்லையில் சண்டை மூண்டது. லீவு ரத்தானது. டிவியில் கிரிக்கெட் கமென்டரி மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

கடைசியாகப் பேசியபோது, "அக்கா, இணைச்சீருக்குப் புடவை எடுத்துப்போட்டீங்களா?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று செய்கிற சீர் அது.

"ஆர்.எஸ்.புரத்துல எடுத்தாச்சு கண்ணு. நீ வந்து சேரு."

"வந்துருவேனுங்க."

சில நாள் கழித்து அதே எண்ணிலிருந்து போன். அப்பா ஓடிப்போய் ஸ்விட்சை இறக்கிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பேசு அம்மணி, தம்பிதான்."

தம்பி இல்லை. அவனுடைய மேலதிகாரி. ஆட்களை முன்னே அனுப்பாமல் தானே முதலில் போனான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மீதியையும் சொன்னார். ஒரு சொல் விடாமல் கேட்டது. தறி ஓடியிருந்தால், சரியாகக் காதில் விழவில்லை என்று ஒரு நிமிடமாவது நம்பியிருப்பேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சூலூரில் விமானத்திலிருந்து அவனை இறக்கினார்கள். புடவை இன்னும் கடைப் பையிலேயே இருக்கிறது.

அப்பா அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கினார். ஆர்டர் பெருகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தறி நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கிவிடுகிறது. அப்போது அப்பாவும் அம்மாவும் நானும் போனைத்தான் பார்க்கிறோம்.