மாலை விழுந்த வால்வு

கரி விற்கிறவன் என்றால் நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவன் என்று நினைப்பீர்கள். நான் விற்கும் கரி தண்ணீருக்குள் போகிறது. சொன்னால் யாரும் நம்பாத தொழிலில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் எனக்குப் பங்காளிகள்தான், கேளுங்கள்.

பற்றாத கரி

என் சரக்கின் பெயர் ஆந்த்ரசைட். நிலக்கரியிலேயே கெட்டியானது. சீமையில் ஒரு காலத்தில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கியதும் இரும்பை உருக்கியதும் இதுதான். இப்போது அரிசி அளவுக்கு உடைத்து, குடிநீர் வடிகட்டும் தொட்டியில் மணலுக்கு மேலே பரப்புகிறோம். கலங்கல் அதில் தங்கிவிடும்.

சேரன்மகாதேவியில் ஒரு டீக்கடைக்காரர், மாதிரிக்கு வைத்திருந்த கட்டியைக் கேட்டு வாங்கி அடுப்பில் போட்டார். விசிறினார், மண்ணெண்ணெய் விட்டார், கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தார். லேசில் பற்றாது, கிளறினால் பற்றவே பற்றாது என்றேன். காதில் வாங்கினால்தானே. கடைசியில் இடுக்கியால் எடுத்து என் முன்னால் வைத்தார். “அண்ணாச்சி, இது கரியில்ல, கரி மாதிரி ஒரு கல்லு. கொண்டுபோயி தண்ணியிலயே போடும்.”

வாசலில் ஒரு குடம்

களக்காடு பக்கம் ஓர் ஊர். மழை பெய்ததிலிருந்து குழாயில் செந்தண்ணீர். வடிகட்டும் தொட்டியில் புதுக் கரி போடப் போனேன். அங்கே மோட்டார் போடுகிறவன் எசக்கிமுத்து. இந்தத் தடவையும் கலங்கி வந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக ஊர்த்தலைவர் சொல்லியிருந்தார். பாவம், சோறு இறங்காமல் திரிந்தான்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது அடுத்த தெரு பாத்துமா பீவி குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். கரியை ஒரு பார்வை, எசக்கியை ஒரு பார்வை. “குடிக்கிற தண்ணியில கரியவா கொட்டுதிய? தொறந்ததும் மொதத் தண்ணி நீதாம்லே குடிக்கணும், எசக்கி.”

நல்ல நேரம்

புதுக் கரியில் தூசி இருக்கும். கீழேயிருந்து தண்ணீரை ஏற்றி, கறுப்பு போகும்வரை அலசி ஓடையில் விட்ட பிறகுதான் ஊருக்குத் திறக்கலாம். நாங்கள் அலசத் தொடங்குமுன்பே தலைவர் மாலை, தேங்காய், சூடத்தோடு வந்துவிட்டார். ராகுகாலத்துக்கு முன்னால் திறந்தாக வேண்டுமாம். இப்போது திறந்தால் குடத்தில் மைதான் விழும் என்றேன். “நேரம் தப்பிச்சுன்னா எத்தனை அலசினாலும் வெளங்காது வே” என்றார்.

எசக்கி அவரைக் கூட்டிப்போய் ஒரு வால்வைக் காட்டினான். தலைவர் அதற்கு மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார். எசக்கி திருகினான். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டதும் தலைவர் திருப்தியாகக் காரில் ஏறிப் போனார். அவர் கும்பிட்டது அலசிய தண்ணீரை ஓடைக்கு விடும் வால்வு. கறுப்பெல்லாம் அந்த வழியாகவே போய்ச் சேர்ந்தது.

ஊருக்குப் போகும் வால்வைத் திறந்தபோது அசல் ராகுகாலம். பீவி தொட்டியடிக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து எசக்கியிடம் நீட்டினார். ஒரே மடக்கில் குடித்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தானும் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தார். பிறகு மாலை தொங்கும் வால்வைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல தண்ணிதாம்லே. அந்த மாலைய எடுத்து இந்த வால்வுல போட்டுரு, நாளைக்குத் தலைவரு வந்து பாப்பாரு.”

ஆக, நெருப்புக்கென்று பிறந்த கரியைத் தண்ணீருக்கு விற்கும் எனக்கு வாய்த்தது, பூசை ஒரு வால்வுக்கும் புண்ணியம் இன்னொரு வால்வுக்கும் போகிற பிழைப்பு.