உப்பு போட்டால் போய்விடும் நீலம்

பாக்கியம் போய்விட்டாள்.

காலையில் கோலாலம்பூரிலிருந்து அவளுடைய பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "ஆன்ட்டி... புரொபசர் தவறிட்டாங்க. தூக்கத்துலேயே" என்றார். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கெல்லாம் அவள் புரொபசர் பாக்கியலெட்சுமி. பயோபிசிக்ஸ், ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப், வெளிநாட்டு கான்ஃபரன்ஸ்...

எனக்கு, கோல சிலாங்கூர் பக்கம் தோட்டப் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து என் அழிரப்பரைக் கடித்து வைத்தவள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் கிடையாது!

எங்கள் ஊர்க்காரர்கள் அவளை "மின்மினிப் பூச்சி ஆராய்ச்சி பண்ற அம்மா" என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆற்றோரத்தில் மின்மினி அதிகம், அதனால் வந்த வினை. கேட்டாலே அவளுக்குக் கோபம் வரும்.

"மின்மினி தானா எரியும்டி மேரி. நான் பாக்கற சாயம் அப்படி இல்ல லா. வெளிச்சத்தை வாங்கி, வேற நிறமாத் திருப்பிக் கொடுக்கும்."

அவள் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று நிறைய பேர் பேட்டியில் கேட்டிருக்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவாள். இன்று நான் சொல்கிறேன்.

கம்யூனிஸ்ட் காலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசியோ ஒரு பாட்டில் மருந்தோ வேலிக்கு வெளியே போனால், காட்டில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது என்று பிடித்துக்கொண்டு போவார்கள். விசாரணை எல்லாம் கிடையாது.

என் அப்பா அந்தத் தோட்டத்து டிரஸ்ஸர். மருந்து கொடுப்பவர். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போது, மலேரியாவுக்கு ஆளுக்கு ஒரு வாய் கொய்னா குடிக்க வைப்பார். எப்போதும் எனாமல் ஜக்கில்தான் மருந்து இருக்கும்.

ஒருநாள் அந்த ஜக் ஓட்டையாகிவிட்டது. அன்றைக்கு ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வெயிலில் கொண்டுவந்து வைத்தார்.

தண்ணீர் மாதிரி இருந்த மருந்தின் ஓரத்தில் நீலம்... பளபளவென்று.

"டிரஸ்ஸரு துணிக்குப் போடற நீலத்தைக் கலந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஒருவரும் குடிக்கவில்லை. நல்ல மருந்தை வெளியே அனுப்பிவிட்டு, நீலத் தண்ணீரை நமக்குக் கொடுக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அப்பாவை ஜீப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

பாக்கியத்துக்கு அப்போது பத்து வயது இருக்கும். கசப்புக்குப் பயந்தவள். மருந்து குடித்ததும் நக்கிக்கொள்ள அவள் அம்மா முந்தானையில் உப்பு முடிந்து வைத்திருப்பார். இவள் அவசரக்குடுக்கை... காலையில் அந்தக் கூச்சல் கிளம்பும் முன்பே தன் பங்கைக் கண்ணாடி கிளாஸில் வாங்கி, உப்பை அதிலேயே போட்டுவிட்டாள். பார்த்தால் நீலம் போயே போய்விட்டது!

அதை இன்ஸ்பெக்டர் முன்னால் போய்ச் சொன்னாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை மலாயில் எடுத்துச் சொன்னார்.

"உப்பு போட்டா இந்த நீலம் போயிருது தொரை. துணிக்குப் போடற நீலம் போகுமா? போட்டுப் பாருங்களேன்."

இன்ஸ்பெக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. வெயிலில் இரண்டு கிளாஸ். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் துணி நீலம் கரைத்த தண்ணீர். இரண்டிலும் உப்பு.

மருந்திலிருந்த நீலம் போய்விட்டது. துணி நீலம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் ஜாடியிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஐயோ, அவர் முகம் போன போக்கு! தோட்டமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அசல் கொய்னா என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அப்பா அன்று இரவு வீட்டில் சாப்பிட்டார்.

பல வருடம் கழித்து இங்கிலாந்தில் படிக்கும்போது, அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த, சாயம் ஏற்றிய செல்களின் ஒளி மங்கிக்கொண்டே போயிருக்கிறது. "சாம்பிள் கெட்டுவிட்டது, கொட்டிவிடு" என்றாராம் அங்கிருந்த பேராசிரியர். இவள் கொட்டவில்லை. கொய்னா கிளாஸ் ஞாபகத்தில், சாப்பாட்டு உப்பு கலக்காத வேறு கரைசலில் வைத்துப் பார்த்தாள். ஒளி திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவள் வாழ்நாள் வேலையே அதுதான். உயிருள்ள செல்லுக்குள் உப்பு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்பதை, ஒளி மங்குவதை வைத்தே அளப்பது. அவள் எழுதியதைப் படித்துத்தான் எத்தனையோ நாட்டில் வேலை செய்தார்கள். நம்ம தோட்டத்துப் பிள்ளை!

ஒருமுறை என்னை லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாள். இருட்டில் குட்டிக் குட்டியாய் நீலப் புள்ளிகள். என்னவோ ஒரு துளி விட்டாள், மெல்ல மங்கின.

"என்ன தெரியுது?" என்றாள்.

"எங்கப்பா தெரியுறாரு" என்றேன்.

ரெண்டு பேரும் அந்த இருட்டிலேயே அழுதோம். வெளியே இருந்த மாணவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அவளிடம் புதிதாகச் சேரும் எல்லா மாணவர்களுக்கும் முதல் நாள் வேலை கொய்னாவும் உப்பும்தான். காலையில் போன் செய்த அந்தத் தம்பியும் அதைச் சொன்னார். ஏன் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தம்பி, இதைப் படித்தால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

போய் வாடி பாக்கியம்...

அங்கே எங்கப்பா இருப்பார். உன்னைப் பார்த்ததும் கிளாஸை நீட்டுவார்.

இந்தத் தடவை உப்பு போடாமல் குடி.