எழவு லீவு

சாவு வீடுகளுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? செத்தவர்களில் எத்தனை பேரை உயிர் இருக்கும்போது போய்ப் பார்த்தீர்கள்? பதில் சொல்ல வாய் வரவில்லையென்றால் தெய்வம்மாவின் கதையைக் கேளுங்கள்.

இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு இலங்கைத் தோட்டத்து மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்தவள் அவள். அப்பா வீரையாவோடு கப்பலேறி வந்து, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். கொஞ்ச காலத்தில் வீரையாவுக்குத் தொண்டையில் புற்று. குரல் போய்விட்டது.

"இனி வைத்தியம் இல்லையம்மா. வலிக்கு மருந்து தர்றேன். யாராவது கூடவே இருந்து கரண்டியால தண்ணி விடுங்க. புரையேறினா தூக்கி உட்கார வைங்க" என்றார் டாக்டர்.

யாராவது என்றால் யார்? அவள் வேலைக்குப் போகாவிட்டால் இருவருக்கும் கஞ்சி இல்லை.

எஸ்டேட்டின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இருந்தவர்கள் இலங்கையிலிருந்தே கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் செத்தால் பிணம் எடுக்கும் நாளில் லயத்தில் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். தெய்வம்மா லயத்துத் தலைவர் தங்கையாவிடம் போனாள்.

"அண்ணே, அப்பா செத்தா எல்லாரும் லீவு போடுவீங்கதானே? அந்த லீவை இப்பவே குடுங்க. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு ஆளு. நான் கொழுந்து எடுத்துட்டு வர்ற வரைக்கும் பக்கத்துல இருந்தா போதும். செத்த பொறகு ஒருத்தரும் வர வேணாம்."

தங்கையா காதைப் பொத்திக்கொண்டார். "என்னா புள்ள பேச்சு இது! உசுரோட இருக்கிற மனுசனுக்கு எழவு லீவா? சாமி குத்தமாயிரும்."

எந்தச் சாமி? பிறந்த மண்ணைவிட்டு இவர்களைத் துரத்தியபோது வாயைத் திறக்காத சாமி, லீவு விஷயத்தில் மட்டும் இத்தனை கண்டிப்பா?

ஒரே சுவருக்கு அந்தப்புறம், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த கருப்பம்மா ஒருத்திதான் வந்தாள். "குத்தம் என் தலையில வரட்டும்டி. இருக்கிற சீக்கோட அதுவும் ஒண்ணு" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவளுக்கும் வயிறு உண்டே! ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முடிந்தது.

அவள் வராத நாளில் வீரையா செத்தார். கை நீட்டியபடி கிடந்தார். கரண்டி தரையில் கிடந்தது.

மறுநாள் லயமே திரண்டது. தப்பு மேளம், பூப்பாடை, ஒப்பாரி. ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

"என்னா வேணும்னாலும் கேளு புள்ள, நாங்க இருக்கோம்" என்றார் தங்கையா.

"தூக்க நாலு பேரு போதும்ணே. மத்தவங்க கூடையை எடுத்துக்கிட்டுக் கொழுந்துக்குப் போங்க. எங்கப்பாவுக்கு இனித் தாகம் எடுக்காது."

உங்கள் தெருவிலும் ஒருவர் படுத்துக் கிடக்கிறார். யாரென்று உங்களுக்குத் தெரியும். மாலையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கே லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.